கதையின் நடுவில் தொனி உடைகிறது: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: பாலாற்றுக்கரை

வணக்கம். பேரணாம்பட்டில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதுகிறேன். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற செல்வி, தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்து உடம்பு கெட்ட அவள் அப்பா மாணிக்கம், இந்த இரண்டு பேர்தான் கதை. சம்பவங்களில் சிக்கல் இல்லை. ஆனால் படித்தவர்கள், "ஆரம்பத்துல ஒருத்தர் சொல்றாங்க, நடுவுல வேற யாரோ வந்து சொல்றாங்க" என்கிறார்கள். தொனி மாறுகிறது என்று புரிகிறது. எந்த இடத்தில், எதனால் என்பது பிடிபடவில்லை. முதல் பத்தியை அப்படியே தருகிறேன்:

"காலை ஐந்து மணி. கம்பெனி பஸ் பஜார் முனையில் வந்து நின்றது. செல்வி ஓடி வந்து ஏறினாள். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தோ, ஏழைகளின் வாழ்வில் விடியலே கிடையாதா...? அவளது பிஞ்சுக் கரங்கள் ஊசி குத்திக் குத்தி ரணமாகிக் கிடந்தன!! அவளின் தந்தை மாணிக்கம் தோல் ஷாப்பில் இருபது வருடமாகச் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்து வந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ரோமத்தை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுத்தப்படுகின்றன. இதனால் தொழிலாளர்கள் பல்வேறு உடல்நலப் பாதிப்புகளுக்கு ஆளாகின்றனர். ராத்திரியெல்லாம் இருமித் தொலைத்தான் மாணிக்கம். பாவம் செல்வி, தூங்கவே இல்லை."

மூன்று சந்தேகங்கள். எந்தெந்த வாக்கியத்தில் தொனி உடைகிறது? தோல் ஷாப்பைப் பற்றிய விவரங்களை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா? நம் பக்கத்துப் பேச்சை வசனத்தில் மட்டும் வைப்பதா, கதை சொல்கிற இடத்திலும் கொண்டுவரலாமா?

பதில்: கோட்டை அகழி

பத்தியில் பதினோரு வாக்கியம். ஐந்து பேர் சொல்கிறார்கள். 1 முதல் 4 வரை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஒருவர். 5, 6 மேடையில் மைக் பிடித்தவர். 7, 8, 9 நாளிதழ் நிருபர். 10 அந்த இருமலால் தூக்கம் கெட்டு எரிச்சலில் இருப்பவர். 11 திண்ணையில் உட்கார்ந்து பரிதாபப்படுகிறவர்.

தொனி என்பது சொல்கிறவர் எங்கே நின்று, என்ன மனத்தோடு ஆட்களைப் பார்க்கிறார் என்பது. வாசகருக்கு உண்டாகிற உணர்ச்சி அதன் விளைவு. இரண்டையும் ஒன்றாக நினைக்கும்போதுதான் 5, 6, 11 மாதிரி வாக்கியங்கள் வருகின்றன. வாசகர் வருந்த வேண்டும் என்பதற்காகச் சொல்கிறவரே முதலில் வருந்திவிடுகிறார். வாசகருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை.

அதனால் முதல் வேலை, சொல்கிறவரை முடிவு செய்வது. கைப்பிரதியின் மேல் ஓரத்தில் மூன்று விடைகளை எழுதி வையுங்கள். செல்விக்கு இவர் என்ன உறவு? நடந்து எவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறார்? எது இவருக்குத் தெரியும், எது தெரியாது? உங்கள் முதல் நான்கு வாக்கியங்கள் நன்றாக இருப்பதால் அந்த ஆளையே பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உதாரணமாக: அதே தெருவில் இருக்கிற, அதே பஸ்ஸில் போகிற, செல்வியைவிடப் பத்து வயது மூத்த பெண். சில வருஷம் கழித்துச் சொல்கிறார். பஸ்ஸில் பார்த்ததும் தெருவில் தெரிந்ததும் மட்டும் அவருக்குத் தெரியும். செல்வி வீட்டுக்குள் நடந்ததை, செல்வி சொன்னால்தான் தெரியும்.

இனி ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். தமிழில் தொனி பெரும்பாலும் விகுதியில் மாட்டிக்கொள்ளும்.

"அவளது", "அவளின்", "அவளுடைய", "அவள்" நான்கும் ஒரே வேலையைச் செய்கின்றன. நான்கும் ஒரே ஆள் வாயில் வராது. பஸ்ஸில் போகிற பெண் "அவள் கை" என்பார், "அவள் அப்பா" என்பார். "அவளது கரங்கள்", "அவளின் தந்தை" இரண்டும் வேறொருவர் சொற்கள்.

"பயன்படுத்தப்படுகின்றன", "ஆளாகின்றனர்". செயப்பாட்டு வினையும் "-கின்ற-" இடைநிலையும் "-னர்" விகுதியும் சேர்ந்து வந்தால் அது அறிக்கை. விவரம் சரியானதுதான். ரோமத்தை எடுக்கச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்ப்பது நம் ஷாப்புகளில் நடப்பதுதான். உடைப்பு விவரத்தில் இல்லை, அது வந்த வாக்கிய வடிவத்தில் இருக்கிறது. ஆகவே எடுக்க வேண்டாம். சொல்கிறவரின் மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டியதாக மாற்றுங்கள். சல்பைடு குழியில் அழுகின முட்டை வாடை அடிக்கும். சுண்ணாம்பு கைத்தோலை வெடிக்க வைக்கும். தெருவில் இருக்கிறவருக்கு இவை தெரியும்; "சோடியம்" என்ற முன்சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"வேலை செய்து வந்தார்", "இருமித் தொலைத்தான்". ஏழாம் வாக்கியத்தில் மரியாதை, பத்தாம் வாக்கியத்தில் இல்லை. நடுவில் எதுவும் நடக்கவில்லை. இந்தப் பத்தியின் மிகப் பெரிய உடைப்பு இதுதான். அவன், அவர், அவங்க, அது என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தமிழில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. பாத்திரங்களின் பெயரைப் பட்டியல் போட்டு, எதிரில் சொல்கிறவர் அவரை எப்படிச் சொல்வார் என்று எழுதி வையுங்கள். மேஸ்திரி, சூப்பர்வைசர், டிரைவர் வரைக்கும். ஓரிடத்தில் "அவர்" "அவன்" ஆக வேண்டுமானால் சொல்கிறவருக்கு அந்த ஆள் மேல் மதிப்பு விழுந்த சம்பவம் அதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

"பிஞ்சு", "அந்தோ", "பாவம்", "ரணமாகி". நான்கும் தீர்ப்புச் சொற்கள். மாவட்டம் முழுக்கக் கேட்டாலும் பஸ்ஸில் போகிற ஒருவர் வாயிலிருந்து "அந்தோ" வராது. "பாவம்" வரும், ஆனால் அதைச் சொல்வதைவிடச் சொல்கிறவர் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டால் பரிவு தெரியும்.

மாற்றி எழுதினால்:

"காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் பஜார் முனையில் வந்து நிற்கும். செல்வி அன்றைக்கும் ஓடி வந்துதான் ஏறினாள். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று ஆள்காட்டி விரலில் இருந்த பிளாஸ்திரி இன்றைக்கு நடுவிரலிலும் இருந்தது. அவள் அப்பா மாணிக்கம் இருபது வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அவர் தெருவில் நடந்து போனால் சல்பைடு வாடை கொஞ்ச நேரம் நிற்கும், அழுகின முட்டை மாதிரி. இப்போது ஷாப்புக்குப் போவதில்லை. ராத்திரியெல்லாம் இருமினாராம். நான் நகர்ந்து ஜன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டேன். சாய்ந்துகொண்டால் ஆம்பூர் வரைக்கும் தூங்கலாம்."

முதல் வாக்கியத்தில் "நின்றது" என்பதை "நிற்கும்" ஆக்கியதைக் கவனியுங்கள். தினமும் நடப்பதை "-உம்" சொல்லும்; "அன்றைக்கும்" என்ற சொல்லுக்குப் பிறகு இறந்த காலம் வந்து அந்த ஒரு நாளைப் பிடிக்கும். வாடை மட்டும் "நிற்கும்" என்று பழையபடி போகிறது, அதுவும் வழக்கமாக நடந்தது என்பதால். கதை முழுவதும் "வருவாள், போவாள், சொல்லுவாள்" என்றே போனால் எல்லாம் பழைய ஞாபகமாகக் கரைந்து, எந்தச் சம்பவமும் நடந்ததாகவே தோன்றாது. ஒரு காட்சிக்கு முதல் இரண்டு மூன்று வாக்கியத்தோடு நிறுத்துங்கள்.

சோதிக்க ஒரு வழி. கைப்பேசியில் பத்தியைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து, மறுநாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் குரல் தானாக ஏறுகிற, இழுக்கிற, வேகமெடுக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 5, 6-இல் நிச்சயம் குரல் ஏறியிருக்கும். 8, 9-இல் செய்தி வாசிக்கிற சீரான வேகம் வந்திருக்கும். கண்ணால் படிக்கும்போது இது தெரியவே தெரியாது, மூளை எல்லாவற்றையும் ஒரே குரலாக்கிவிடும்.

பதில்: கூத்துமேடை

மேலே உள்ள திருத்தம் நல்ல திருத்தம். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இதைப் படித்துவிட்டு "கதை முழுக்க ஒரே தொனி" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்துப் பக்கம் ஒரே தொனியில் போனால் வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே பழகிவிடுவார். பிறகு எது நடந்தாலும் உறைக்காது.

தொனியை எப்படி மாற்றுவது என்பதற்கு நம் ஊர்த் தெருக்கூத்தைவிட நல்ல பாடம் வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும். அது உயர்ந்த தமிழ். திரைக்கு முன்னால் கட்டியங்காரன் நிற்பார். அவர் வாயில் தெருப்பேச்சு. "யாரய்யா நீர்?" என்று கேட்பார், கிண்டல் பண்ணுவார், ராஜா சொன்னதை நமக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வார். ஒரே மேடை, இரண்டு தொனி. ஆனால் யாருக்கும் குழப்பம் இல்லை. காரணம், ஒவ்வொரு தொனிக்கும் தனி வாய் இருக்கிறது. நடுவில் திரை இருக்கிறது.

கதையில் இதை எப்படிச் செய்வது? செய்தி மாதிரியான விவரம் வேண்டுமென்றால் அதைச் சொல்ல ஒரு வாயைக் கொண்டுவாருங்கள். யூனியன்காரர் ஒருவர் டீக்கடையில் பேசலாம், ஷாப்புச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் இருக்கலாம். உங்கள் 8, 9 வாக்கியங்களை அப்படியே நோட்டீஸில் போட்டால் பிசகில்லை, அங்கே அதுதான் சரியான தமிழ். செல்வி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகலாம். மேடைப் பேச்சும் அப்படித்தான்: கதையில் மேடை ஒன்று இருந்தால் வரட்டும்.

திரை வேண்டும் என்றேன். தொனி மாறுகிற இடத்தில் வாசகருக்கு ஒரு அடையாளம் தேவை. காட்சி மாற்றம், ஒரு வரி இடைவெளி, ஆள் மாறுவது, நேரம் மாறுவது, இவற்றில் ஏதாவது ஒன்று. எதுவும் இல்லாமல் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையில் மாறினால் அதை வாசகர் தவறு என்றே படிப்பார். அப்படி மாற வேண்டிய கட்டாயம் இருந்தால் மாறுவதற்கு முந்தைய வாக்கியத்தைச் சின்னதாக, உணர்ச்சி எதுவும் இல்லாததாக வையுங்கள். "பஸ் நின்றது" மாதிரி.

இப்போது பேச்சு வழக்கு. உங்கள் மூன்றாவது சந்தேகம்.

வட ஆர்க்காட்டுப் பேச்சில் எழுதும்போது பெரிய இடர் ஒன்று இருக்கிறது. "இன்னா", "கீது", "வந்துகினு" என்பதையெல்லாம் சினிமா வெகுகாலமாகச் சிரிப்புக்கும் ரவுடி வேஷத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறது. வெளியூர் வாசகர் இந்தச் சொல்லைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகிறார். நீங்கள் மனம் கனக்க எழுதிய இடத்தில் அவர் சிரித்தால் தொனி போயிற்று. இதற்காக நம் பேச்சை விட்டுவிட வேண்டாம். அளவோடு வையுங்கள்.

மூன்று நான்கு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரை அவற்றையே வையுங்கள். "கொண்டு" என்பது "கினு" ஆவது (பேசிகினு, வச்சிகினு), "இருக்கிறார்" என்பது "கீறாரு" ஆவது, "போய்விட்டார்" என்பது "பூட்டாரு" ஆவது, "என்ன" என்பது "இன்னா" ஆவது. இவை இலக்கண வடிவங்கள். பேசுகிறவரின் ஊரைக் காட்ட இவை போதும். மற்ற சொற்களைச் சாதாரண எழுத்துக்கூட்டலிலேயே விடுங்கள். ஒவ்வொரு ஒலியையும் சிதைத்து எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே இருப்பார்.

"இன்னா செல்வி, அப்பா எப்டி கீறாரு?"
"ராத்திரி பூரா இருமிகினே இருந்தாருக்கா."
"மருந்து?"
"குடுத்துகினுதான் கீறேன்."

இதில் சிரிக்க எதுவும் இல்லை. வாக்கியங்கள் சின்னவை. கேள்வியும் பதிலும் உடம்பைப் பற்றியவை. சிரிப்பு வருவது "கீறாரு"வால் அல்ல, அதோடு சேர்த்து வைக்கிற ஆச்சரியக்குறியாலும் அளவுக்கு மீறிய சாபச் சொற்களாலும்தான்.

மதுரை "அங்கிட்டு", கோவை "ஏனுங்க" எல்லாம் தெரியாமல் கலந்துவிடும். சினிமாவும் டிவியும் கேட்டுப் பழகிய காது. எழுதி முடித்ததும் வசனங்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து எழுதி, பேரணாம்பட்டு ஆள் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் தயங்குகிற சொல்லை மாற்றுங்கள்.

இன்னொன்று. இங்கே பல வீடுகளில் பெற்றவர்களை "அம்மா சொல்லுச்சி", "அப்பா வந்துச்சி" என்று சொல்வது உண்டு. அது மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம். செல்வி வாயில் அது அழகாக இருக்கும். அதையே சொல்கிறவர் மாணிக்கத்தைப் பற்றிச் சொன்னால் இழிவாகிவிடும். அதனால் கதை சொல்கிற இடத்தில் எளிய எழுத்துத் தமிழ், வசனத்தில் ஊர்ப்பேச்சு என்று வைப்பதே உங்கள் கதைக்குப் பொருந்தும். முழுக் கதையையும் பேச்சில் எழுத வேண்டுமென்றால் "நான்" என்று சொல்கிற பெண் யாரிடம் உட்கார்ந்து பேசுகிறார் என்பதை முதல் வரியிலேயே காட்டிவிட வேண்டும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்றால் உருது வீட்டுத் தமிழும் தெலுங்கு வீட்டுத் தமிழும் வரும். சூப்பர்வைசர் பாய் பேசுகிறார் என்று காட்ட அவர் தமிழைக் கொச்சையாக உடைக்காதீர்கள். அவர் தேர்ந்தெடுக்கிற ஒன்றிரண்டு சொல், சுருக்கமான வாக்கியம் போதும். இங்கே நான்கு தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவரை வேடிக்கை ஆளாக்கினால் கதை சொல்கிறவரின் தொனியே கெட்டுப்போகும்.

பாலாற்றுக்கரை

மிக்க நன்றி சார், இரண்டு பேருக்கும். அவர், அவன் பட்டியல் போட்டேன், நான்கு இடத்தில் மாறியிருக்கிறது. "அவளது" எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கடைசிக்கு முந்தைய காட்சியில் மாணிக்கம் இறந்துபோகிறார். அங்கே எதை எழுதினாலும் மிகையாகவே வருகிறது. இப்போது இப்படி இருக்கிறது: "மாணிக்கம் இறந்துவிட்டார். செல்வி கதறிக் கதறி அழுதாள். அவள் உலகமே இருண்டது. வானமும் அவளோடு சேர்ந்து அழுதது." மிகை என்று எனக்கே தெரிகிறது, ஆனால் எடுத்துவிட்டால் வறட்டுச் செய்தியாக நிற்கிறது.

பதில்: காட்பாடி சந்திப்பு

முதலில் கோட்டை அகழி சாருடைய திருத்தத்தில் ஒரு சொல். "இருமினாராம்." சொல்கிறவர் நேரில் கேட்கவில்லை, செல்வி சொல்லித் தெரியும் என்று காட்டத்தான் அந்த "ஆம்". ஆனால் "ஆம்" இரண்டு வேலை செய்யும். கேள்விப்பட்டதையும் சொல்லும், "நம்பச் சொல்கிறார்கள்" என்ற ஏளனத்தையும் சொல்லும். முதல் பத்தியில் சொல்கிறவரின் மனம் வாசகருக்கு இன்னும் பழகவில்லை. அதனால் அங்கே "ராத்திரியெல்லாம் இருமினார் என்றாள்" என்பது பத்திரமானது. ஐந்தாறு பக்கம் போன பிறகு "ஆம்" வரலாம்.

இப்போது இறப்புக் காட்சி. துணைவினையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழில் உணர்ச்சியின் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "வந்தார்" என்றால் சம்பவம் மட்டும். "வந்துவிட்டார்" என்றால் அதற்கு முன்னால் ஒரு காத்திருப்போ பதற்றமோ இருந்தது. "வந்து சேர்ந்தார்" என்றால் தாமதமும் களைப்பும். "வந்து நின்றார்" என்றால் எதிர்பாராத சங்கடம். "வந்து தொலைத்தார்" என்றால் வெறுப்பு. நீங்கள் யோசிக்காமல் "விட்டு" போடும் ஒவ்வொரு இடத்திலும் சொல்கிறவர் ஒரு முறை பெருமூச்சு விடுகிறார். கோப்பில் "விட்ட" என்று தேடிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நான்குக்கு மேல் இருந்தால் பாதியை எடுக்கலாம்.

"இறந்துவிட்டார்" என்பதில் "இறந்து" ஆவணத் தமிழ், "விட்டார்" பெருமூச்சு. இரண்டும் ஒட்டவில்லை. சொல்கிறவர் தெருக்காரப் பெண் என்றால் அவரிடம் இருக்கிற சொற்கள் வேறு. "காலமானார்" சுவரொட்டியில் இருக்கும். "தவறிட்டார்" போனில் தகவல் சொல்கிறவர் சொல்வது. "போய்ச் சேர்ந்தார்" என்றால் நோயாளிக்கு விடுதலை என்ற நினைப்பு உள்ளே இருக்கிறது. "செத்துப்போனார்" பூச்சு இல்லாதது, இரண்டு பேரும் நெருக்கமானவர்கள் என்றால் மட்டும் நிற்கும். செல்வி போனில் "அக்கா, அப்பா பூட்டாரு" என்று சொல்லட்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். சொல்கிறவர் தனியாக இறப்பை அறிவிக்கவே வேண்டாம்.

வறட்டுச் செய்தியாக நிற்கிறது என்கிறீர்கள். அது மிகையை எடுத்ததால் வந்த வறட்சி இல்லை. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காததால் வந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் முன் தாழ்ந்து நிற்பது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. உங்கள் நான்கு வாக்கியமும் இழவு ஒன்றையே சொல்கின்றன. வாசகர் அதை ஏற்கெனவே எதிர்பார்த்திருக்கிறார், எனவே அசையமாட்டார். மற்ற மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். இளிவு உங்கள் கதையிலேயே இருக்கிறது: அப்பா கிடக்கிற வீட்டு வாசலில் நின்று, செல்வி சூப்பர்வைசருக்குப் போன் செய்து லீவு கேட்க வேண்டும்.

"செல்வி வாசலுக்கு வந்து போனை எடுத்தாள். 'சார், செல்வி பேசறேன் சார். ஏ லைன். அப்பா தவறிட்டாரு சார்.' கொஞ்ச நேரம் கேட்டாள். 'மூணு நாள் போதும் சார்,' என்றாள். போனை முந்தானையில் துடைத்தாள். உள்ளே போனாள்."

சொல்கிறவரிடம் "பூட்டாரு" என்றவள் சூப்பர்வைசரிடம் "தவறிட்டாரு" என்கிறாள். நான்கு "சார்" வருகிறது. அழுகை என்ற சொல்லே இல்லை. தொனி இங்கே செல்வியின் பணிவில் இருக்கிறது, சொல்கிறவர் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வாக்கிய அமைப்பையும் பாருங்கள். "எழுந்து, முகம் கழுவி, சோறு கட்டி, அப்பாவுக்குக் கஞ்சி வைத்துவிட்டு ஓடினாள்" என்று எச்சங்களாக அடுக்கினால் எல்லாம் ஒரே மூச்சில் ஓடும், எதற்கும் தனிக் கனம் இருக்காது. பரபரப்பான காலைக்கு அதுதான் சரி. இறப்புக் காட்சியில் "எடுத்தாள். கேட்டாள். துடைத்தாள். போனாள்" என்று முற்றுவினையாக நிறுத்தினால் ஒவ்வொன்றும் தனியாக விழும். ஆனால் ஐந்தாறு வாக்கியத்துக்கு மேல் "-ஆள், -ஆள்" என்றே முடிந்தால் காது சலிக்கும். நடுவில் பொருளை எழுவாயாக்கி ஒரு வாக்கியம் போடுங்கள்: "போன் சூடாக இருந்தது" மாதிரி.

வானம் அழ வேண்டாம். பேரணாம்பட்டில் அது மழைக்காலம்தானா என்பதையும் பாருங்கள். சித்திரை வெயிலில் மாணிக்கம் இறந்தால் வெயிலையே வைக்கலாம், காட்சிக்கு எந்த விதத்திலும் உதவாத சாதாரண வெயிலாக. இயற்கை ஆளோடு சேர்ந்து உணர்ச்சி காட்டினால் சொல்கிறவர் மறுபடி மேடை ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

மூன்று புள்ளி, இரட்டை ஆச்சரியக்குறி பற்றிச் சுருக்கமாக. கதை சொல்கிற இடத்தில் இரண்டும் தேவையில்லை. வசனத்தில், பேசுகிறவர் உண்மையிலேயே பாதியில் நிறுத்தினால் மூன்று புள்ளி வைக்கலாம்.

கேள்வி: ஆர்க்காட்டுச் சாலை

இதே இழையில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த சம்பவத்தை வைத்து ஒரு நெடுங்கதை எழுதுகிறேன். என் சிக்கல் நேர்மாறானது. தொனி ஒன்றாகவே இருக்கிறது, ஆனால் பாடப்புத்தகத் தொனி. உடுப்பு ஆணை, திப்புவின் பிள்ளைகள், ஆர்க்காட்டிலிருந்து வந்த படை, எல்லாம் ஒரே வரிசையில் அறிவிப்பாக வருகிறது.

பதில்: கோட்டை அகழி

காரணம், சொல்கிறவருக்கு 1806 ஜூலை 10-க்குப் பிறகு நடந்தது எல்லாம் தெரிந்திருக்கிறது. "கலகம்" என்றோ "புரட்சி" என்றோ முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் தீர்ப்பு முடிந்தது. முதலாவது கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் நிலை, இரண்டாவது பின்னால் வந்த நம் நிலை. அன்றிரவு கோட்டைக்குள் இருந்த சிப்பாய்க்கு இரண்டும் தெரியாது. அவன் வாயில் பெயர் இல்லாமல் "இன்றைக்கு ராத்திரி" என்றுதான் வரும்.

தெரிந்ததைக் குறைத்துப் பாருங்கள். 1805 நவம்பரில் வந்த ஆணையை "நெற்றிக்குறி தடை, தாடி தடை, புதிய தலைப்பாகை" என்று அடுக்காமல் ஒரு ஆளின் முகத்தில் நடத்துங்கள். ஒரு சிப்பாய் கண்ணாடி முன் நின்று நெற்றியைத் துடைக்கிறான். பக்கத்தில் இருக்கிறவன் தாடியை மழித்துக்கொள்கிறான். புதிய தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சத்தை இருவருமே தொடத் தயங்குகிறார்கள். சின்ன வாக்கியங்கள், யாருக்கும் கோபம் இல்லை. கோபத்தை வசனத்தில்கூடப் பிறகு வையுங்கள். திப்புவின் பிள்ளைகள் கோட்டை மாளிகையில் இருக்கிறார்கள் என்பதை அறிவிக்க வேண்டாம், காவல் மாற்றும்போது அந்தப் பக்கத்து வெளிச்சத்தைச் சிப்பாய் பார்த்தால் போதும்.

ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்ததைக் கோட்டைக்குள் இருக்கிறவர் பார்வையிலேயே சொல்லுங்கள். முதலில் தூசி. பிறகு வாசல் பக்கம் சத்தம். யார் வருகிறார்கள் என்பது கடைசியில்தான். ஆர்க்காடு ஏறத்தாழ 25 கிலோமீட்டர்; குதிரையில் வந்து சேர எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு, அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மெதுவான, நீண்ட வாக்கியங்களில் எழுதலாம். வாசலில் பீரங்கி வெடித்த பிறகு வாக்கியங்கள் குறுகட்டும்.

தேதி, படைப்பிரிவு எண், அதிகாரி பெயர் போன்றவை கட்டாயம் வேண்டுமென்றால் கூத்துமேடை சொன்னபடி அவற்றுக்கு ஒரு வாயைக் கொடுங்கள். கம்பெனி அலுவலகத்துக்கு எழுதப்படும் ஒரு கடிதம் அத்தியாயத் தலைப்பில் நான்கு வரி வரலாம். அதில் "-கின்றனர்" தாராளமாக இருக்கட்டும். அடுத்த வரியிலிருந்து மறுபடி சிப்பாயிடம் வந்துவிடுங்கள்.